நாற்பத்தொன்றாம் பக்கம்

வெர்லீன் டகட் தன் ஐம்பத்து மூன்று வருஷ வாழ்க்கையில் பெரிய பொய் என்று சொன்னது இரண்டே இரண்டுதான். இரண்டையும் சர்க்காரிடம்தான் சொன்னாள். மற்றபடி பொய் அவள் வாயில் நிற்காது. ஹாலோவே கோழித் தொழிற்சாலையில் எலும்பெடுக்கும் வரிசையில் பத்தொன்பது வருஷம் நின்றவள் அவள். கை மரத்துப்போகிறதா என்று மேலாளர் கேட்டபோதெல்லாம் ஆமாம் என்று சொல்லியே, உட்கார்ந்து பார்க்கிற வேலையை இரண்டு தடவை கோட்டைவிட்டாள்.

கிழக்கு டெக்சாஸின் பைன் காட்டுக்குள் இருக்கிற ஹாலோவேயில் பாதிப்பேர் கோழி அறுக்கிறார்கள், மீதிப்பேர் மாநிலச் சிறைகளில் சாவிக்கொத்து தூக்குகிறார்கள். இரண்டும் பிடிக்காத பையன்கள் வேறொரு வாசல் வழியாக அதே சிறைக்குள் போய்ச் சேருகிறார்கள். வெர்லீனின் ஒரே மகன் கெல்பி அப்படித்தான் போனான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. கூட்டாளி லானி டீக்குடன் சேர்ந்து, போதைக்குக் காய்ச்சுகிற மாத்திரைக்காக மருந்துக்கடையின் பின்கதவை உடைத்தான். உள்ளே இருந்த வயசான காவலாளியின் மண்டை உடைந்தது. கிழவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடித்தது யார் என்று அவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

லானியின் அம்மா ஜீனெல் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வெர்லீனும் அவளும் ஒரே சபை. பையன்கள் இருவரும் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். லானிக்கு முதலில் தீர்ப்பு வந்தது, எட்டு வருஷம். ஜீனெல்தான் மெனக்கெட்டு வந்து யோசனை சொன்னாள்: நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுது, பையன் மனம் திருந்திவிட்டான் என்று எழுது, அந்த மனுஷன் தாய்மார் கடிதத்துக்கு இளகுவார்.

வெர்லீன் மூன்று பக்கம் எழுதினாள். மனம் திருந்தினான் என்பதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வெறுமனே சொன்னால் யார் நம்புவார்கள், ஒரு அத்தாட்சி வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. என் மகன் பிடிபட்ட அன்றைக்கே போலீஸாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், கூட வந்தவன் பெயர் உட்பட எதையும் மறைக்கவில்லை, அப்படி நேர்மையான பிள்ளை என்று எழுதினாள். அதுதான் முதல் பொய். கெல்பி கடைசிவரை வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் கொஞ்சமாவது குறைத்துக் கொடுத்திருப்பார்களே என்று வக்கீல் அவளிடமே அலுத்துக்கொண்டிருந்தார். நீதிபதி கடிதத்தை வாங்கி, முத்திரை குத்திக் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு வருஷம் கொடுத்தார். பொய் சொன்னதுதான் மிச்சம்.

கெல்பி போய்ச் சேர்ந்த சிறையிலேயே லானியும் இருந்தான். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் துணைக்கு இருக்கிறான் என்று இரண்டு தாய்மாரும் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். ஆனால் அங்கே துணை என்பதற்கு அர்த்தம் வேறு. முன்னொரு காலத்தில் காவலர்கள் கைதிகளிலேயே முரடர்களாகப் பொறுக்கி, கையில் தடியைக் கொடுத்து, மற்றவர்களை அடக்கச் சொல்வார்கள். அதைப் பெருமையாகப் பேசுகிற ஓய்வுபெற்ற காவலர்கள் ஹாலோவேயில் இன்னும் உண்டு. கோர்ட்டு தலையிட்டு அதை நிறுத்தியது. தடியைப் பிடுங்கினார்களே தவிர, அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. நிறத்துக்கு ஒரு கூட்டம் கிளம்பி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கெல்பி, லானி மாதிரி வெள்ளைக்காரப் பையன்களைச் சேர்த்தவர்கள் தங்களைக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டார்கள். இனம், ரத்தம், மானம் என்று வாய் கிழியப் பேச்சு, கழுத்திலும் முதுகிலும் குத்திய பச்சை. செய்கிற தொழிலோ போதைமருந்து விற்பதும், புதிதாக வருகிற வெள்ளைப் பையன்களை மிரட்டிப் பிடுங்குவதும். அவர்கள் கையால் செத்தவர்களில் எத்தனை பேர் வெள்ளையர்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மானத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

உள்ளே போன ஏழாவது வாரம் கெல்பியின் கடிதம் வந்தது. கேஸ் காகிதம் முழுவதும் வேண்டும், கோர்ட்டு முத்திரையோடு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. எனக்கு அனுப்பாதே, மில் ரோட்டில் நாய் குளிப்பாட்டுகிற கடை வைத்திருக்கும் ட்ரெசாவிடம் கொடு. முப்பது நாள் அவகாசம். லானி எனக்காகப் பேசியதால்தான் அந்த முப்பது நாளும் கிடைத்தது. இவ்வளவுதான் எழுதியிருந்தான். எப்போதும் சாப்பிட்டாயா, கை வலி எப்படி என்று கேட்பவன் இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை.

கோர்ட்டு அலுவலகத்தில் அறுபத்து மூன்று பக்கம் கொடுத்தார்கள். வெர்லீன் காரிலேயே உட்கார்ந்து புரட்டினாள். பாதிக்கு மேல் புரியவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்தது. கூட வந்தவன் பெயர் உட்பட எதையும் மறைக்கவில்லை. அந்த வரிக்கு மேலேயே நீல முத்திரை விழுந்திருந்தது.

தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று எலும்பெடுப்பவள் ஆர்லெட்டா சிம்ஸ். கறுப்பினத்துக்காரி, வெர்லீனைவிட நாலு வயசு பெரியவள். அவள் மகன் டெரலும் அதே சிறையில்தான் ஒன்பது வருஷமாக இருக்கிறான். மூன்று மணி நேரத் தூரம் என்பதால் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே காரில் போவார்கள். சிறைக்குக் கால் மைல் முன்னால் பெட்ரோல் நிலையம் வந்ததும் ஒருத்தி இறங்கிவிடுவாள். அந்த வாரம் யாருடைய கார் இல்லையோ அவள் வெயிலில் நடந்து வருவாள். உள்ளே காத்திருக்கிற கொட்டகையில் இவள் ஒரு பக்க பெஞ்சு, அவள் எதிர்ப் பக்க பெஞ்சு. முகம் தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாதத்திலேயே கெல்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சியிருந்தான், அந்தப் பொம்பளையோட வராதே என்று. ஆர்லெட்டா வீட்டுப் பீச் பழப் பலகாரத்தைத் தட்டு நக்கித் தின்று வளர்ந்தவன். அவனுக்கு அவள் எப்போதும் மிஸ் ஆர்லெட்டா.

நீ இந்த இனம், ரத்தம் பேச்சையெல்லாம் நம்புகிறாயா என்று அன்றைக்கு வெர்லீன் கேட்டாள்.

"நம்புறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்றான் கெல்பி. "சாப்பாட்டுத் தட்டை வாங்கிட்டுத் திரும்பினா, உக்கார ஒரு மேசை வேணும். அவ்வளவுதான்."

கொட்டகையில் எப்படி நடந்துகொள்வது என்பதை வெர்லீனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஆர்லெட்டாதான். காவலர் வெளியே வந்தால் ஏதாவது சட்டம் பேச வருகிறார், கவலைப்படாதே. சிறைப் பாதிரியார் கையில் காகிதத்தோடு வந்தால் முதலில் உட்கார்ந்துகொள். அந்த ஆள் நல்ல சேதி சொல்ல வெயிலில் வெளியே வருகிறவர் இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெர்லீன் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மடித்துக் கொண்டுபோய் ஆர்லெட்டாவிடம் காட்டினாள். படித்து முடிக்கும்வரை ஆர்லெட்டா ரொட்டியை மெல்லவில்லை.

"பேப்பர் எதுக்குக் கேக்குறாங்கன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். "காட்டிக்கொடுத்தவன் யாரு, சின்னப் புள்ளைங்க மேல கை வச்சவன் யாருன்னு பாக்குறதுக்கு. உங்காளுங்களும் கேப்பாங்க, எங்காளுங்களும் கேப்பாங்க. அது ஒன்னுலதான் அங்க எல்லாரும் ஒத்துமை."

இந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று வெர்லீன் கேட்டாள். அடியில் எண் போட்டிருக்கிறதே, காணாமல்போன பக்கம் இருக்கிற பக்கத்தைவிட மோசம் என்றாள் ஆர்லெட்டா. சிறை அதிகாரியிடம் சொல்லிப் பையனைத் தனியாகப் பாதுகாப்பில் வைக்கச் சொன்னால்? அப்படிப் போனவன் காட்டிக்கொடுத்தவன் என்று தானே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரிதான். பிறகு எந்தச் சிறைக்கு மாற்றினாலும் அது கூடவே போகும்.

"அவன் சொல்லவே இல்ல ஆர்லெட்டா. நான்தான் சும்மா எழுதினேன்."

"நீ எழுதினது எனக்குப் புரியுது. நான் இருந்தாலும் எழுதியிருப்பேன்," என்று ஆர்லெட்டா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே, ஏதோ நினைவு வந்தவளாகக் கேட்டாள். "அது சரி, உன் பையன் பேரைப் போலீஸுக்கு யாரு சொன்னது?"

அந்தக் கேள்வி வெர்லீனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் காகிதத்தைப் பரப்பி, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. லானி டீக் பிடிபட்டது செவ்வாய்க்கிழமை மதியம். கெல்பியைப் பிடிக்க ஆணை கேட்டு எழுதியது செவ்வாய் சாயங்காலம். லானி டீக் தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலத்தின்படி என்று அச்சில் இருந்தது. காவலாளியை அடித்தவன் கெல்பி என்றும் லானியே சொல்லியிருந்தான். புதன்கிழமை காலையில்தான் போலீஸ் கெல்பியைப் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துப் போனது. அதற்கு முந்தின நாளே பிடிபட்டவன் பெயரைக் கெல்பி எப்படிக் காட்டிக்கொடுக்க முடியும்?

முதலில் அவளுக்கு உயிர் வந்தது. தன் பொய் பொய்தான் என்று அச்சடித்த காகிதமே சொல்கிறது. அப்புறம்தான், அந்தக் காகிதம் இன்னொன்றையும் சொல்கிறது என்பது உறைத்தது. கெல்பி இதைப் படித்ததில்லை. வக்கீல் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவன் அவன். லானியின் கோப்பில் இந்தப் பக்கம் இருக்காது, அதனால்தான் அவன் சோதனையில் தேறி, மேசையில் இடம் பிடித்து, கெல்பிக்காகப் பேசவும் செய்திருக்கிறான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் பேசினானோ என்னவோ.

நானாக அந்தப் பக்கத்தைக் காட்டக் கூடாது என்று வெர்லீன் முடிவு செய்தாள். மடக்கிக் கேட்டால் ஒழிய.

ட்ரெசாவுக்கு முப்பது வயசிருக்கும். கடை, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. மேசைமேல் ஈரத் துண்டில் ஒரு நாயைச் சுற்றி வைத்திருந்தாள். வெர்லீனைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. ஐஸ் போட்ட டீ கொண்டுவந்து வைத்தாள், கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவள் கணவன் உள்ளே குடும்பத்தில் பெரிய ஆள். வாரம் தவறாமல் அவனுக்குக் கடிதம் எழுதுவாள், அத்தனையும் நாய்களைப் பற்றி. எந்த நாய் சுத்தமாக வந்தது, எந்த நாய்க்கு உண்ணி. கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற காவலர்கள் நல்ல பொம்பளை என்று பாராட்டி உள்ளே அனுப்புவார்கள்.

பள்ளிக்கூட டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல மஞ்சள் மார்க்கரோடு உட்கார்ந்து ட்ரெசா பக்கம் பக்கமாகப் படித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துப் புரட்டினாள். வெர்லீன் மூச்சை விட்டாள். நாற்பத்தொன்றில் மார்க்கர் நின்றது. அந்த வரி முழுவதும் மஞ்சளானது.

"மிஸ் வெர்லீன், இது உங்க கையெழுத்துதானே?"

வெர்லீன் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நீதிபதி இளகுவாரென்று நானே இட்டுக்கட்டியது, பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, வேண்டுமானால் பைபிள் மேல் கை வைக்கிறேன் என்றாள்.

"நான் நம்புறேன். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு," என்றாள் ட்ரெசா. குரலில் கோபமே இல்லை. "ஆனா நான் நம்பி என்ன பிரயோஜனம்? உள்ள இருக்கிறவங்க படிக்கிறது இந்த முத்திரையைத்தான். அம்மா சொன்னாங்கன்னு நான் எழுத முடியுமா?"

நாய் துண்டுக்குள்ளிருந்து உதறிக்கொண்டது. ட்ரெசா அதைத் தடவிக் கொடுத்தாள், காகிதக் கட்டை மூடப் போனாள். மூடிவிட்டால் கெல்பியின் கதை அதோடு முடிந்தது. வெர்லீனின் கை தானாக நீண்டது. பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பி, தேதியில் விரல் வைத்தாள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் விரலை மட்டும் அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

ட்ரெசா இரண்டு தடவை படித்தாள். அப்புறம் மார்க்கரின் மூடியைத் திறந்து, லானி டீக் என்ற பெயரின் மேல் மெதுவாகக் கோடு போட்டாள்.

"அப்போ பழுப்பு நாய் சுத்தம்னு எழுதிடுறேன்," என்றாள். "டீயைக் குடிங்க மிஸ் வெர்லீன், ஐஸ் கரையுது."

அடுத்த சில நாள் வெர்லீனுக்குச் சோறு இறங்கவில்லை. கத்தி இரண்டு தடவை கையுறையைக் கிழித்தது. என்ன ஆயிற்று என்று ஆர்லெட்டா கேட்டதற்கு, காகிதம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். எப்படிச் சரியானது என்று ஆர்லெட்டா கேட்கவில்லை. கோழித் துண்டு ஓடுகிற பட்டை பக்கம் திரும்பிக்கொண்டாள். கெல்பிக்குத் தீர்ப்பு வந்த அன்று ஜீனெல் கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடிப் பாத்திரம் வெர்லீன் வீட்டிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய் எச்சரித்துவிடலாம் என்று கிளம்பினாள். ஜீனெல் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு, உன் பையனைக் கண்ணு மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், லானி வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றாள். வெர்லீன் பாத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றைக்குத் தன் மேல் அவளுக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த கெல்பிக்கு முகம் வெளுத்திருந்தது. தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் சுற்றி வளைத்தே பேசினான். காகிதம் வந்தது, நன்றி என்றான். மேசையில் நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றான். பிறகு நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"ஒரு வேலை கொடுத்திருக்காங்கம்மா."

என்ன வேலை என்று கேட்டாள்.

"நீ காகிதத்துல காட்டுன ஆளு விஷயம்தான். அந்த ஆளு யாரோட முதுகுல குத்துனானோ, குத்து வாங்குனவன்தான் செய்யணுமாம். இங்க அதுதான் முறை." அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வராத."

முடியாது என்று சொல், உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள் என்றாள் வெர்லீன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். செய்யாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போகும், அதில் என் பெயரும் சேர்ந்திருக்கும் என்றான். அவ்வளவு சொல்லிவிட்டு, ஐந்து வயசில் ஊசி போட்டுக்கொள்ளப் போகும்போது செய்வதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டான். அதைப் பார்த்தபோதுதான் வெர்லீனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அவன் அதைச் செய்துவிடுவான். செய்தால் பன்னிரண்டு வருஷம் ஆயுளாகும், இல்லை மரண ஊசியாகும். செய்யாவிட்டால் செத்துப்போவான்.

திங்களிலிருந்து வியாழன் வரை அவள் கணக்குப் போட்டாள். கடைசியில் எல்லாமே ஒரு புள்ளியில் வந்து நின்றது: லானி அங்கே இல்லாவிட்டால்? அவனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டால் வேலையும் இல்லை, கெல்பி யாரையும் கொல்லவும் வேண்டாம், ஜீனெலின் பிள்ளையும் பிழைப்பான். ஆர்லெட்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்பது வருஷமாக அந்த வாசலில் நிற்கிறவள், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் கேட்டால் ட்ரெசாவின் மேசையில் விரல் வைத்ததைச் சொல்லவேண்டி வரும். அந்த வெட்கத்தில் வெர்லீன் கேட்காமலே இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலை நடையில் இருக்கிற பொதுத் தொலைபேசியிலிருந்து சிறைக்குப் பேசினாள்.

"என் பையனைக் கொல்லப் பாக்குறாங்க. அவனை இன்னைக்கே வேற எடத்துக்கு மாத்துங்க."

பையன் பெயரைக் கேட்டார்கள். லானி டீக் என்றாள். நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

"அவங்க அம்மா."

அம்மாதான் என்பதற்கு அத்தாட்சியாகப் பிறந்த தேதி கேட்டார்கள். மார்ச் ஒன்பது. தடுமாறாமல் சொன்னாள். லானியின் ஏழாவது பிறந்தநாளுக்குச் சபைக் கூடத்தில் கேக் செய்து கொண்டுபோனவளே அவள்தான். எழுதிக்கொண்டோம், கவனிக்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அதுதான் இரண்டாவது பொய்.

வராதே என்று கெல்பி சொல்லியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. அந்த வாரம் ஆர்லெட்டாவின் கார். பெட்ரோல் நிலையத்தில் வெர்லீன் இறங்கிக் கால் மைல் நடந்தாள். தின்பண்ட இயந்திரத்துக்காகச் சில்லறை போட்டிருந்த பிளாஸ்டிக் பை வியர்வையில் கையோடு ஒட்டிக்கொண்டது. கொட்டகை வாசலில் காவலர் நின்று, நேற்று சாயங்காலத்திலிருந்து சிறை முழுவதும் லாக்டவுன், கைதிகளை அறைக்குள் பூட்டியாகிவிட்டது, யாரையும் பார்க்க முடியாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று சொல்ல மறுத்தார். பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். மீதிப்பேர் சேதி ஏதாவது வரும் என்று பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஆர்லெட்டா எதிர்ப் பக்க பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள்.

ஜீனெலும் வந்திருந்தாள். வெர்லீனைப் பார்த்ததும் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லானியை நேத்துக் காலையில வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்களாம்," என்றாள். "மத்தியானம்தான் எனக்குப் போன் வந்துச்சு. நீங்க கேட்டுக்கிட்டபடி பத்திரமா மாத்தியாச்சு மேடம்ங்கிறாங்க. நான் எப்ப கேட்டேன்? பொறந்த தேதியெல்லாம் சொன்னேனாம். நான் பேசவே இல்ல வெர்லீன்."

பிழைத்தான். லானி பிழைத்தான், கெல்பியின் கையில் ரத்தம் இல்லை. ஒரு நிமிஷம் அவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

"யாரோ நல்லவங்க செஞ்சிருக்காங்க," என்று ஜீனெல் பேசிக்கொண்டே போனாள். "ஆனா அவனுக்கு ஆபத்துன்னு வெளியில யாருக்குத் தெரியும் சொல்லு? உள்ள இருக்கிறவன் எவனோதான் சேதி விட்டிருக்கணும்னு போன்ல பேசின காவலரே சொன்னாரு. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

வெர்லீன் கண்ணைத் திறந்தாள். அந்த வேலை யார் கையில் கொடுக்கப்பட்டிருந்ததோ, அது நடக்கப்போகிறது என்பது எவனுக்கு முதலில் தெரிந்திருந்ததோ, குடும்பத்துக்காரர்கள் நேற்றுக் காலையிலேயே அவன் பக்கம்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கெல்பியை ஒருநாளும் பேசாதவன் என்று காகிதத்தில் காட்டிவிட்டு, அவன் பேசிவிட்டான் என்று அவளே போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். லாக்டவுன் நேற்றுக் காலையில் வரவில்லை. லானி போன பிறகு, சாயங்காலம்தான் வந்தது.

இரும்புக் கதவு திறந்தது. சிறைப் பாதிரியார் வெளியே வந்தார், கையில் மடித்த ஒரு தாள். வெயிலில் கண் கூச, நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவர் தாளைப் பிரித்து, பெயரைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

அவர் கூப்பிடுவதற்கு முன்பே வெர்லீன் எழுந்து நின்றாள். எங்கே போகிறாய் என்று கேட்ட ஜீனெல் அவள் கையை விடவில்லை. எதிர் பெஞ்சில், மூன்று மாதமாக அவளை யாரென்றே தெரியாதவளாக உட்கார்ந்திருந்த ஆர்லெட்டாவும் எழுந்து நின்றாள்.